கொடுத்த அம்மி

அத்தியாயம் 14

போன வாரம் ஜெயரூபனை நாம் சந்தோஷமாக விட்டுவிட்டு வந்தோம். விட்டிருக்கக் கூடாது.

புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லுணுகலைக்கு மேலே இருக்கிற ஊத்துமலைத் தோட்டத்தில் ஜெயரூபன் டீமேக்கர். தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லுகிற தேயிலைத் தொழிற்சாலையில், பச்சைக் கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகி வெளியே போகும்வரை எல்லாம் அவன் பொறுப்பு. வயது முப்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் பெண் பார்க்க ஆரம்பிக்க வேண்டாம், அவன் மனசு வேறு எங்கேயோ கிடக்கிறது.

அவன் போட்ட தேயிலை ருஷ்யாவுக்குப் போகிறது, துருக்கிக்குப் போகிறது. அவன் மட்டும் பதுளைக்குப் போய்த் திரும்பி வருகிறான். கடலை இதுவரை பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். தீவில் பிறந்தும் கடல் பார்க்காதவர்கள் இந்த மலைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வருகிற எல்லவில் ஒருநாள், பேங்க் வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு பேச்சுக் கொடுத்தான். நீ எங்கேயெல்லாம் போயிருக்கிறாய் என்று அவள் கேட்டாள். பக்கத்திலேயே இருக்கிற பண்டாரவளை என்றான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா லெட்சுமியிடம் சொல்லியே விட்டான்.

"அம்மா, வேலைய விட்டுட்டு ஊர் பாக்கப் போறேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "சரிப்பா" என்றாள். உள்ளே போய் விளக்கேற்றினாள்.

நல்ல வேலையை விடுகிறேன் என்று பிள்ளை சொன்னால் சரிப்பா என்கிற தாய் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நம் ஆள் யோசிக்கவில்லை. பதுளையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிற சிநேகிதன் மபாஸுக்குப் போன் போட்டு, மச்சான், பைக்கைத் தயார் பண்ணு என்று சொல்லிவிட்டான். அவ்வளவு அவசரம்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமைக் கொழுந்தை அரைத்து முடித்துவிட்டு ஜெயரூபன் ஸ்டோரிலிருந்து இறங்கி வந்தான்.

வழியில் கங்காணி நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் எங்களையெல்லாம் மறந்துவிடாதீர்கள் ஐயா என்றார். இரண்டு வளைவு தள்ளி, விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அவனைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு மனுஷன் மோட்டார் சைக்கிளில் கடல் பார்க்கப் போவதற்கு இவ்வளவு அழுகையா என்று ஜெயரூபனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கழுதை.

குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தால் கோழிகளைக் காணோம். கூடும் இல்லை. கீழே வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற கலாராணியும் அவள் புருஷனும் ஒரு கம்பில் கயிறு கட்டி, அம்மிக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். அது அவன் வீட்டு அம்மி. கலாராணி அழுதுகொண்டே, இதில் அரைக்கும்போதெல்லாம் உங்க அம்மாவை நினைத்துக்கொள்வேன் ஐயா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே லெட்சுமி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பானைகளைப் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். குசினி மூலையில் அம்மி இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அப்பா செத்த பிறகு அவன் பார்த்ததில்லை.

"என்னாம்மா இதெல்லாம்?"

"எல்லாத்தையும் தூக்கிக்கிட்டா போக முடியும்? ஊருக்குப் போறவங்க குடுத்துட்டுத்தானப்பா போவாங்க. எனக்குப் பாஸ்போட்டு எடுக்கணும்ல? நாம எப்பக் கெளம்புறோம்?"

ஜெயரூபனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். இங்கே நாடு என்றால் மலைக்குக் கீழே இருக்கிற சிங்களக் கிராமம். ஊர் என்றால் இந்தியா. லெட்சுமி வயதுக்காரர்களுக்கு ஊர் என்றால் அது ஒன்றுதான். ஊருக்குப் போனார்கள் என்றால், பேர் எழுதிக் கொடுத்து, தலைமன்னாருக்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பல் ஏறிக் குடும்பத்தோடு போனார்கள் என்று அர்த்தம். அவர்களில் யாரும் திரும்பி வரவில்லை. லெட்சுமியின் கூடப்பிறந்த அக்கா மாரியாயி அப்படித்தான் புருஷன் வீட்டாரோடு போனாள், துறையூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறாள்.

ஜெயரூபன் ஊர் பார்ப்பது என்பதைப் போனில் வீடியோ பார்த்துப் படித்தவன். அவன் சொன்னது ஒன்று, அவள் காதில் விழுந்தது ஒன்று. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள்தான்.

அவன் உடனே சொல்லியிருக்க வேண்டும். இல்லையம்மா, நான் தனியாகப் போகிறேன், முதலில் திருகோணமலைக் கடல், பிறகு யாழ்ப்பாணம், அங்கிருந்து கப்பலில் இந்தியா, அப்படியே வடக்கே நேபாளம் வரைக்கும், அதில் நீ இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா என்னை அடையாளம் கண்டுபிடிப்பாளா என்று கேட்டுக்கொண்டு நிற்கிற தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அவன் சுவரைப் பார்த்தான். ஆணியில் அவளுடைய பழைய கொழுந்துக் கூடை தொங்கியது. பேச்சை மாற்ற, இந்தக் கூடை யாருக்கு என்று கேட்டான்.

"அது கெடக்கட்டும்" என்றாள் அம்மா.

*

பெரிய கிளாக்கர் விஜேந்திரன் கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்தால் ஜெயரூபன் சண்டையாவது போட்டிருப்பான். அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தோட்டத்தில் ஒரு வீட்டில் அம்மி கைமாறினால் பங்களாவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? தோட்ட மேனேஜரான துரைக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"போறதுன்னா இந்த வீடு மாசக் கடைசிக்குள்ள வேணுங்கிறாரு தம்பி. இருக்கறதுன்னா பெரிய டீமேக்கர் வேல ஒங்களுக்குத்தான். ஆனா அஞ்சு வருசத்துக்கு அசையமாட்டேன்னு கையெழுத்து வைக்கணும். நாளைக்கிப் பெரட்டுக்கு முந்திச் சொல்லிருங்க."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. விடிந்ததும் அது நடக்கும்.

ஜெயரூபன் இன்னும் வேலையை விடவே இல்லை. துரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆற அமரச் சொல்லலாம், அம்மாவுக்கு முதலில் ஒரு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். இப்போது விஷயம் அவன் கையில் இல்லை.

அம்மாவுக்கு இடம் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். இந்த வீடு வேலைக்குக் கொடுத்த வீடு, வேலை போனால் வீடு போகும். முன்பு அவர்கள் லயத்தில் இருந்தார்கள். லெட்சுமி கொழுந்து பறித்தாள், அவள் பேருக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு, இருந்தது. ஜெயரூபன் டீமேக்கர் ஆகி இந்த வீட்டுக்கு வந்த வாரமே, எங்கம்மா இனி மலை ஏறக்கூடாது என்று ஆபீசுக்குப் போய் வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டு வந்தான். அன்றைக்கு அவனுக்கு எவ்வளவு கொண்டாட்டம், எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தான். பேரை வெட்டியதும் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, இவன் போனால் அவளுக்கு இந்தத் தோட்டத்தில் நிற்க ஒரு அடி நிலம் கிடையாது. அப்பாவைப் புதைத்த இடம் மட்டும் இருக்கிறது.

*

ஜெயரூபனின் அக்கா ஜெயந்தினி பதுளை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாங்கள் ஊருக்குப் போகிறோம், நீ வந்து விளக்கை எடுத்துக்கொண்டு போ என்று அம்மா போன் பண்ணியதைக் கேட்டு, பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். தம்பியை வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் விழும் பீலிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ என்னாத்தச் சொல்லித் தொலச்ச?"

சொன்னான். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அம்மாவைக் கொஞ்ச நாள் நீ வைத்துக்கொள்ள மாட்டாயா என்று அவன் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு அறை வாடகை வீடு, மாமியார் ஒரு அறையில், பிள்ளைகளோடு இவர்கள் ஒரு அறையில். போன தீபாவளிக்கு வந்த அம்மா, மருமகன் வீட்டில் கையைக் காலை நீட்ட இடமில்லாமல் குசினி வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்று அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியும்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு யாழ்ப்பாணம் போகச் சொன்னாங்க தம்பி. மூணே நாளு. மாமி வேணாம்னுட்டாங்க. நான் வாய மூடிக்கிட்டுச் சட்டி கழுவுனேன். எனக்கும் எங்கயாச்சும் போகணும்னு இருக்கும்னு நீ ஒரு நாளாச்சும் நெனச்சியா?"

அவன் நினைத்ததில்லை. தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. ஜெயந்தினி முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, நீ சொல்ல மாட்டாய், நானே சொல்கிறேன் என்று உள்ளே போனாள்.

சொன்னாள். வகுப்பில் பாடம் சொல்லுகிற மாதிரி, ஊர் என்றால் இவன் என்ன நினைத்தான், நீ என்ன நினைத்தாய் என்று பிரித்துச் சொன்னாள். லெட்சுமி பித்தளைச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அது யாருக்குக் கொடுக்க வைத்திருந்த செம்போ தெரியவில்லை.

"அப்ப நீ மட்டுமா?" என்று மகனைக் கேட்டாள்.

ஜெயரூபன் தலையாட்டினான்.

"திரும்பி வருவியா?"

"வருவேம்மா. சத்தியமா வருவேன்."

"எங்க வருவே?"

அவன் தரையைப் பார்த்தான், அம்மி இருந்த வெளுத்த இடம்தான் கண்ணில் பட்டது.

லெட்சுமி அழவில்லை. எழுந்து சோறு போட்டாள். பீங்கான் தட்டுகளையும் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது, வீட்டில் இரண்டுதான் மிச்சம் இருந்தது. சின்ன வயசில் சாப்பிட்டது மாதிரி அக்காவும் தம்பியும் ஒரே பீங்கானில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். பருப்பில் உப்பு இல்லை. இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

கை கழுவியதும் லெட்சுமி, கலாராணி வீட்டுப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள்.

அம்மியைத் திரும்பக் கேட்கப் போகிறாள் என்றாள் ஜெயந்தினி. மெதுவாகத்தான் சொன்னாள். கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பது தோட்டத்தில் எவ்வளவு கேவலம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு மேல் அங்கே இருக்கப் பிடிக்காமல், விளக்கையும் எடுக்காமல், அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

*

ஜெயரூபன் ஸ்டோருக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெஷின்கள் ஓடவில்லை. கொழுந்து வாட்டுகிற மேல் தட்டுக்கு ஏறி ஜன்னல் பக்கம் நின்றான். கீழே பாதை வளைந்து வளைந்து லுணுகலைக்கு இறங்குகிறது. இந்த ஜன்னலில் நின்றுதான் அவன் இவ்வளவு காலமும் அந்தப் பாதையைப் பார்த்திருக்கிறான். அதில் போகிற லொறியை எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அஞ்சு வருஷம். அதற்குப் பிறகு நாற்பது வயது. நாற்பதில் துரை இன்னொரு அஞ்சு வருஷம் கேட்பார், அம்மாவுக்கு அதற்குள் நடக்க முடியாமல் போகும். மூக்கில் தேயிலைத் தூள் ஏறித் தும்மல் வந்தது. இந்த வாசனை இல்லாத ஒரு இடத்தில் ஒரே ஒரு நாள் கண் விழிக்க வேண்டும் என்றுதான் அவன் ஆசைப்பட்டான். பெரிய ஆசையா இது? சொல்லுங்கள்.

ஆனாலும் முடிவு பண்ணிவிட்டான். பெரிய டீமேக்கர் வேலையை எடுத்துக்கொள்வது. மபாஸுக்குப் போன் போட்டு, பைக் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சரி, முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பிறகு கிளாக்கரிடம் போகலாம் என்று வெயில் தாழ இறங்கி வந்தான். வழியில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குசினி மூலை இன்னும் காலியாகத்தான் இருந்தது. அம்மி வரவில்லை.

லெட்சுமி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலையை மாற்றியிருந்தாள். மடியில் அந்தப் பழைய கொழுந்துக் கூடை. அதில் இற்றுப்போயிருந்த கயிற்றை அவிழ்த்துப்போட்டுவிட்டுப் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். கோழி, பானை, பீங்கான், அம்மி எல்லாவற்றையும் கொடுத்தவள், இதை ஏன் கொடுக்கவில்லை என்று அவன் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"கலாராணி குடுக்க மாட்டேன்னுட்டாளா?"

"நான் அவ வூட்டு வாசப்படியே ஏறல. கங்காணி வூட்டுக்குப் போனேன். நாளைக்கிப் பெரட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நாளு அன்னாடக் கூலியாக் கைக்காசுக்கு வேல செஞ்சா, திரும்பப் பேரு பதிவாங்களாம். தோட்டத்துக்கு மேப் பக்கம், மேக்கணக்கு லயத்துல ஒரு காம்பரா சும்மாதான் கெடக்காம்."

அட்டை கடித்து, மழையில் நனைந்து, முதுகு போய்க் கிடந்தவளை அந்த மலையிலிருந்து இறக்கியதுதான் அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம். அதையும் இவள் அவிழ்த்துப் போடுகிறாள்.

"நான் போகலம்மா. பெரிய டீமேக்கர் வேலைய எடுத்துக்குறேன். நீ போயி அம்மிய வாங்கிட்டு வா."

லெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்து அவன் பார்த்தது குறைவு. இப்போது வந்திருந்தது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அப்பாவும் ஊருக்குப் பேர் எழுதிக் கொடுத்தாராம். அம்மியை எல்லாம் கொடுத்துவிட்டு, துணிமணி கட்டி வைத்துவிட்டு, மாரியாயியும் இவளும் ஒரே ரயிலில் போவதாக இருந்ததாம். கிளம்புகிற காலையில் அவருக்குப் பயம் வந்துவிட்டது. இங்கே கிடைக்கிற அரை வயிறு அங்கே கிடைக்குமா என்று உட்கார்ந்துவிட்டார். மாரியாயி போய்விட்டாள். அப்பா பக்கத்துக் காம்பராவில் போய் நின்று, கொடுத்த அம்மியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இத்தனை காலமும் இந்த வீட்டில் கிடந்தது அந்த அம்மிதான்.

"அதுலதான் ஒங்க ரெண்டு பேருக்கும் அரச்சு ஊட்டுனேன். அதத் தொடுற நேரமெல்லாம் எங்கப்பா மூஞ்சிதான் வரும். செத்தும் எனக்கு அந்த ஆளு மேல ஆத்திரம் போகல. நீ இரு. அஞ்சு வருசம் இங்கயே இரு. நான் எங்கப்பாவப் பாத்தாப்புல நீ என்னயப் பாத்துக்கிட்டு இரு. அதான் ஒனக்கு வேணுமா?"

ஜெயரூபன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். இருந்தால் அந்தப் பழி அவள் மேல் விழும், போனால் அவள் கூடை தூக்குவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் நின்றாள்.

லெட்சுமி கயிற்றின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். இறுக்க வேண்டும், பிடி என்றாள். பிடித்தான். அவள் மறு முனையைக் கூடையில் சுற்றி இழுத்தாள். வயதானாலும் பிடி இன்னும் இருந்தது.

"எங்க வருவேன்னு கேட்டேன்ல" என்றாள், முடிச்சைப் பார்த்துக்கொண்டே. இப்போது குரலில் கோபம் இல்லை. "மேக்கணக்கு லயத்துக்கு வா. வந்து, கடலு எப்புடி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு."

கீழே வளைவில் மோட்டார் சைக்கிள் ஏறி வரும் சத்தம் கேட்டது. மபாஸ் ஏன் போனை எடுக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. அவனே பைக்கை ஓட்டிக்கொண்டு வருகிறான். சத்தம் வாசலுக்கு வந்து நின்றது. ஹோர்ன் அடித்தான். மச்சான் என்று கூப்பிட்டான். மறுபடியும் அடித்தான்.

"போ, போயி என்னான்னு கேளு" என்றாள் லெட்சுமி.

போக வேண்டுமென்றால் கயிற்றை விட வேண்டும். அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான்.